இருநூறு அடி

இங்க வெச்சுப் பாத்தா வராதுங்க. நீங்க மேசை மேல வெச்சு முன்னால தள்ளி, பின்னால இழுத்து, எத்தனை தடவை பாத்தாலும் ஒழுங்காத்தான் இருக்கும். இருநூறு அடிக்கு எறங்கி வந்தாத்தான் இதோட குணம் தெரியும். அதுவரைக்கும் தங்கமா இருந்துட்டு, இருநூறு அடியில தானாப் பின்னால வந்துரும். ஏதோ ஒருவாட்டி ரெண்டுவாட்டின்னா ஈரோட்டுல இருந்து இதைத் தூக்கிக்கிட்டு காந்திபுரத்துல உங்க கடை வரைக்கும் வருவனுங்களா? கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டறதுக்கு நான் வாங்குன மூணாவது லிவரு இது. மூணும் வேற வேற கம்பெனி. மூணுலயும் ஒரே கோளாறு.

சிரிக்காதீங்க. லிவர் புடிக்கத் தெரியாதவன் வந்து தகராறு பண்றான்னு நெனச்சுறாதீங்க. என் பேரு சென்னியப்பன். ரயில்வேல லோகோ பைலட்டு. ரயில் டிரைவருன்னு சொன்னாத்தான் சனங்களுக்குப் புரியுது. இருபத்திரெண்டு வருஷமா கையில லிவரைப் புடிச்சுத்தான் சோறு திங்கறேன். எது தானா நகருது, எது கை பட்டு நகருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?

மொதல்ல உங்க பில்லுல 'கேம்'னு போட்டிருக்கறதை அடிங்க. இது கேம் இல்லைங்க. நெசமான போர் விமானத்தோட ஒவ்வொரு சுவிச்சும் அதுல இருக்குது. ரெண்டு இன்ஜின், றெக்கைக்கடியில குண்டு, ஏவுகணை, எல்லாம். புத்தகம் மட்டும் அறுநூறு பக்கம். கம்ப்யூட்டர்ல அது எறங்கறதுக்கே நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் கோகிலா, என் சம்சாரம், போன்ல சீரியல் பாக்க முடியலைன்னு மொறைச்சுட்டே இருந்தா.

எப்படி இதுல வந்து விழுந்தேன்னு கேக்கறீங்களா? சும்மா இருந்தனுங்க. ஜனவரியில இருந்து லீவு. என்னோட அசிஸ்டெண்ட் ஜெபராஜ், இன்ஜின்ல என் பக்கத்துல உக்காந்து வர்றவன், அவன்தான் வீட்டுக்கு வந்து, "அண்ணா, செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க, எதையாச்சும் செய்ங்க"ன்னான். நான் செவுத்தைப் பாக்கலைங்க, காலண்டரைத்தான் பாத்துட்டிருந்தேன். அது கெடக்கட்டும். ரயில் ஓட்டற மாதிரியும் கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னான். அதை எவன் ஓட்டுவான்? வேண்டாம்னுட்டேன். வேற என்ன இருக்குதுன்னேன். விமானம் இருக்குதுன்னான்.

மொத நாள் உக்காந்தேன் பாருங்க. உள்ள ஒரே இருட்டு. ஒரு லைட் எரியலை. ரெண்டு மணி நேரம் மௌஸை வெச்சுத் தொளாவறேன், பேட்டரி சுவிச் எங்கிருக்குதுன்னே தெரியலை. வேறொருத்தனா இருந்தா மூடி வெச்சுட்டுப் போயிருப்பான். எனக்கு அப்பத்தான் புடிச்சுப் போச்சுங்க. பட்டனை அமுக்குனதும் பறக்கறது எனக்கு ஆகாது. ஒரு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அதைத் தயார் பண்ணோணும். பேட்டரி, அப்பறம் சின்ன இன்ஜின், அதோட காத்துல வலது இன்ஜின் சுத்தோணும், இருபத்தஞ்சு பர்சென்ட் வந்தாத்தான் எண்ணெய் விடோணும். முந்தி விட்டா தீப்புடிச்சுரும், பிந்தி விட்டா புடிக்காது. எல்லாத்துக்கும் ஒரு வரிசை. எங்க இன்ஜின் மாதிரியேதான்.

ஆனா ஒரு கஷ்டம். எங்களுக்குத் தனியா ஓட்டிப் பழக்கமில்லைங்க. நீங்க ரயில்ல போறப்ப முன்னால ரெண்டு பேரு கத்திக்கிட்டே போறது உங்களுக்குத் தெரியாது. சிக்னல் தெரிஞ்சா நான் கையை நீட்டி, பச்சைன்னு சொல்லோணும். ஜெபராஜ் கையை நீட்டித் திருப்பிப் பச்சைன்னு சொல்லோணும். அவன் சொல்லலைன்னா எனக்கு அது பச்சை இல்லை. கண்ணு பாத்தாப் பத்தாது, வாய் சொல்லோணும், இன்னொரு வாய் அதை ஏத்துக்கோணும். இருபத்திரெண்டு வருஷம் இப்படியே போயிருச்சு. இப்ப வீட்டு ஹால்ல தனியா உக்காந்து பேட்டரி ஆன்னு சொல்றேன், திருப்பிச் சொல்ல ஆளில்லை. கை அடுத்த சுவிச்சுக்குப் போகவே மாட்டேங்குது.

அதனால கோகிலாவைப் புடிச்சு உக்கார வெச்சேன். அவ ரேஷன் கடையில பில் போடறவ. நூத்தம்பது பேர் நிக்கற வரிசையில கடைசி ஆளுக்குக் கேக்கற மாதிரி கார்டு நம்பரைக் கூப்புடற தொண்டை. நான் வரிசையைத் தமிழ்ல எழுதிக் குடுத்துட்டேன். அவ வாசிப்பா. "பேட்டரி." நான், பேட்டரி ஆன். "ஏனுங்க, ஆன்." இப்படி. பதினோராம் நாள் ரெண்டு இன்ஜினும் ஓடிச்சுங்க. அவ எந்திரிச்சுப் போயி கேசரி கிண்டுனா. அத்தனை நாள் கழிச்சு வீட்டுல இனிப்பு செஞ்சது அன்னிக்குத்தான்.

ஏத்தறது லேசு. தள்ளு, வேகம் வரட்டும், மெதுவா இழு, ஏறிருச்சு. ஏறுனதுக்கப்பறம் பாத்தீங்கன்னா, முன்னால ஒண்ணுமே இல்லைங்க. கேட் இல்லை, வளைவு இல்லை, லைன்ல ஆடு மாடு இல்லை, குறுக்க யாரும் வரமாட்டாங்க. ஒரு மணி நேரம் சும்மா சுத்திட்டே இருந்தேன். கோகிலா என்னையே பாத்துட்டிருந்தா. எதுக்குன்னு தெரியலை.

எறக்கறதுலதான் வில்லங்கம்.

இதுல கூட்டம் கூட்டமாச் சேர்ந்து பறக்கறவங்க இருக்காங்க. ஓசூர்ல ஒருத்தர், இளம்பரிதின்னு பேரு, ஆளை நேர்ல பாத்ததில்லை, காதுல குரல் மட்டுந்தான். பொறுமையான மனுசன். அவங்க கூட்டத்துல சேர்ந்து சண்டைக்குப் போகணும்னா மொதல்ல மூணு தடவை தொடர்ந்தாப்புல ஒழுங்கா எறக்கிக் காட்டோணும். சரின்னேன். அதோட நானும் மனசுக்குள்ள ஒண்ணு போட்டுக்கிட்டேன். கோகிலாகிட்டயும் சொல்லிட்டேன். மூணு தடவை ஒழுங்கா எறக்கிட்டேன்னா வர்ற திங்கக்கிழமை டியூட்டிக்குப் போறேன்னு. டாக்டர் போலாம்னு எழுதிக் குடுத்துட்டாருங்க. ஆபீஸ்லயும் திங்கக்கிழமைக்கு என் பேரைப் போட்டாச்சு. காலையில ஆறே முக்காலுக்கு வண்டி. இன்னிக்கு வெள்ளி. அதுதான் உங்ககிட்ட இத்தனை அவசரப்படறேன். இன்னிக்கே எனக்கு ஒரு நல்ல லிவர் வேணும்.

எப்படி ஆகுதுன்னு சொல்றேன், கேளுங்க. அப்பத்தான் கோளாறு உங்களுக்குப் புடிபடும்.

எண்ணூறு அடி. சக்கரம் எறக்கியாச்சு. வேகம் நூத்தி முப்பத்தஞ்சு. வலது கையில விமானத்தைத் திருப்பற ஸ்டிக், இடது கையில வேகத்துக்கு இந்த லிவர். தூரத்துல ரன்வே தெரியுது, ரெண்டு பக்கக் கோடும் ஒண்ணாப் போயி சேர்ற மாதிரி, நேரா. பரிதி காதுல, "நல்லா வர்றீங்க சார், அப்படியே வாங்க"ங்கறாரு. கோகிலா பக்கத்துல உக்காந்து அடியை வாசிக்கறா. அறுநூறு. நான் அறுநூறுங்கறேன். ஐநூறு. ஐநூறு. லிவரு கையில பூ மாதிரி இருக்குது, துளி தள்ளுனா துளி ஏறுது, துளி இழுத்தா துளி எறங்குது. நானூறு. உள்ளங்கை வேர்க்குது. முந்நூறு. ரன்வே கண்ணு முன்னால அகலமாகுது. கோடு ரெண்டும் விரிஞ்சு எம்மேல வருது. கோகிலா இருநூறுன்னு வாயைத் தொறக்கறா.

இன்ஜின் சத்தம் செத்துருச்சு.

லிவரு பின்னால கெடக்குது. ஜீரோவுல. போர் விமானத்துல ஒருவாட்டி அப்படிக் கொறச்சுட்டா, திரும்பத் தள்ளுனாலும் இன்ஜினுக்குத் தெம்பு வர்றதுக்கு அஞ்சாறு செகண்ட் ஆகும். அந்த அஞ்சாறு செகண்ட் நம்மகிட்ட இல்லை. மூக்கு மேல போகுது, அடி கழண்ட மாதிரி விமானம் கீழ விழுது, ரன்வேக்கு முன்னால இருக்கற பொட்டக்காட்டுல போயி குத்துது. தீ.

மொத தடவை பழக்கமில்லைன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவை, மூணாந்தடவை, அதே இடம், அதே அடி. பரிதி என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு. லிவர் எப்படி நகருதுன்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டுக் காட்டுமாம், அதைப் பாத்துட்டு, "கோடு சுத்தமா இருக்குது சார், உங்க பக்கம்தான் ஏதோ"ன்னு இழுத்தாரு. பட்டுனு லிவரை மாத்துனேன். அதுவும் அப்படியே. இன்னொண்ணு வாங்குனேன். அதுதான் இது.

இதுக்கு நடுவுல கோகிலா வேற. தண்ணி டம்ளரை என் வலது பக்கம் வெக்காத வெக்காதன்னு நூறு தடவை சொல்லியாச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் பாத்து டம்ளர் தரையில உருளுது. கீபோர்டெல்லாம் ஈரம். கேட்டா, நான் வெக்கலைங்கறா, நீங்களே வெச்சதுதான்ங்கறா. ஒருநாள் பரிதி காதுல கேக்கறாரு, "சார், யாரை ஒதுங்கச் சொல்றீங்க? ரன்வேல வேற யாராச்சும் இருக்காங்களா?"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் எதுவும் சொல்லலைங்களே, பக்கத்து வீட்டு டிவியா இருக்கும்னேன்.

செவ்வாக்கிழமையோட கோகிலாவும் நின்னுட்டா. பேப்பரை மடிச்சு மேசையில வெச்சுட்டு, "இனி நான் வாசிக்க மாட்டேனுங்க. எனக்குப் பயமா இருக்குது"ன்னா. கம்ப்யூட்டர்ல விழற விமானத்துக்கு என்ன பயம்? ஒரு உசுரு போகுதா, ஒரு பொருள் போகுதா? நானும் கத்திட்டேன். அவளும் சும்மா இல்லை. "நீங்க ஜனவரியில இருந்தே எறங்கலை"ன்னா. என்ன பேச்சு இது? பொம்பளைங்க கோவம் வந்தா எதையோ எதோட முடிச்சுப் போடறாங்க.

ஜனவரியில என்னன்னா, ஒண்ணுமில்லைங்க. எங்க வேலையில நடக்கறதுதான். ஒரு பொம்பளை லைன்ல வந்துட்டா.

எனக்கு அது அஞ்சாவது. எந்த டிரைவரை வேணா கேட்டுப் பாருங்க, எவ்வளவு கம்மின்னாலும் மூணு நாலு இருக்கும். மொத தடவை நடந்தப்ப நான் ரெண்டு நாள் சாப்புடலை. அதுக்கப்பறம் பழகிருது. எறங்கிப் பாக்கோணும், வண்டிக் கடைசியில இருக்கற கார்டுக்குச் சொல்லோணும், எழுதிக் குடுக்கோணும், அடுத்த வண்டிக்கு உக்காரோணும். இதுவும் அப்படித்தான். காலையில எட்டே காலு, நல்ல வெளிச்சம். பக்கத்து லைன்ல கூட்ஸ் வண்டி போயிட்டிருந்துச்சு. அவ அதைப் பாத்துட்டு நம்ம லைன்ல நிக்கறா. கையில சோத்துத் தூக்குப்போசி. கூட்ஸ் சத்தத்துல நம்ம ஹாரன் அவ காதுல விழலை. நூத்தஞ்சுல போறோம். நூத்தஞ்சுல போற வண்டி நிக்கறதுக்கு ஒரு கிலோமீட்டர் வேணும். அவளுக்கும் நமக்கும் நடுவுல நானூறு மீட்டர். உடனே பிரேக் போட்டாலும் நிக்காது. யாரு போட்டாலும் நிக்காது. ஜெபராஜும் அதைத்தான் எழுதிக் குடுத்தான். டிரைவர் பாத்த உடனே கண்ட்ரோலரை, எங்க இன்ஜின் லிவரைத்தான் அப்படிச் சொல்லுவோம், ஜீரோவுக்குக் கொண்டாந்து எமர்ஜென்சி பிரேக் போட்டாருன்னு. நானும் கையெழுத்துப் போட்டேன். அதிகாரிங்க சரின்னுட்டாங்க. கேஸ் முடிஞ்சுது. உடனே போட்டாலும் நிக்காதுங்க, அதுதான் கணக்கு.

அதுக்கும் இந்த லிவருக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. ஆனா அவ முடிச்சுப் போடறா.

இன்னிக்கு வர்றப்பகூட, ரயில்ல போயிரலாம் ஒண்ணரை மணி நேரந்தான்னா. நான்தான் பெட்டி பெருசா இருக்குது, பஸ்ல போலாம்னேன். என் மூஞ்சியவே பாத்தா. சரிங்க பஸ்லயே போலாம்னு வந்துட்டா. கீழ செருப்புக் கடை வாசல்ல நிக்கறா. மேல வான்னு கூப்புட்டேன். "நீங்களே போயிக் காட்டிட்டு வாங்க, வீடியோவையும் காட்டுங்க"ன்னா.

வீடியோ ஒண்ணு இருக்குதுங்க. செவ்வாக்கிழமை நான் எறக்கறப்ப எனக்குத் தெரியாம அவ போன்ல புடிச்சிருக்கறா. ஒரு கையில பேப்பர், ஒரு கையில போன். எனக்கு அனுப்பிட்டு, "இன்னொரு லிவர் வாங்கறதுக்கு முன்னால இதைப் பாருங்க"ன்னா. நான் பாக்கலை. எதுக்குப் பாக்கோணும்? அங்க உக்காந்திருந்தவன் நான். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?

நீங்க வேணா பாருங்க. உங்களுக்கு அத்தாச்சி வேணுமில்ல, இந்தாங்க போன். லிவர் தானா நகருதா இல்லையா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது நகர்றது தெளிவாத் தெரியும். தெரிஞ்சா வேற லிவர் மாத்திக் குடுங்க, நான் கெளம்பறேன். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன், எனக்கு வேண்டாம்.

அது கோகிலா குரல்தான். அடி வாசிக்கறா. ஆமா, அது நான். ஐநூறு.

நானூறு.

யாருங்க அது கத்தறது?

சத்தத்தைக் கொறைக்காதீங்க. இருக்கட்டும். மொதல்ல இருந்து மறுபடி வெய்ங்க.

"ஒதுங்கு அம்மணி." அப்படித்தான உங்களுக்கும் கேக்குது? "ஒதுங்கு அம்மணி, ஒதுங்கு." என் குரல்தான் அது. நான் கோகிலாவை அம்மணின்னு கூப்புடறதில்லைங்க. பேரு சொல்லித்தான் கூப்புடுவேன்.

போனைக் குடுங்க. பரவால்ல, குடுங்க, பாக்கறேன்.

கைதான்.

லிவர் தானா வரலை. என் கைதான் இழுக்குது. பாத்தீங்களா, எவ்வளவு வெரசா இழுக்குதுன்னு. கோகிலா இருநூறுன்னு சொல்லி முடிக்கலை, அதுக்குள்ள ஜீரோவுக்குக் கொண்டாந்துருச்சு. வலது கை ஸ்டிக்கை விட்டுட்டு மேசையில பிரேக்கைத் தேடுது. நூத்துக்கு நூறு போடலாம். எங்க டிரெய்னிங்ல இப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க, யோசிக்காதே, கை போகட்டும்னு.

அன்னிக்கு இந்தக் கை போகலைங்க.

நான் அவளைப் பாத்தேன். நானூறு மீட்டருக்கு முன்னாலயே பாத்துட்டேன். ஹாரனை மட்டும் அமுக்குனேன். ஒதுங்கிருவான்னு நெனச்சேன். எல்லாரும் ஒதுங்கிருவாங்க, தெனமும் பத்துப் பேரு குறுக்க வருவாங்க, கடைசி நேரத்துல ஒதுங்கிருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் எமர்ஜென்சி போட்டா வண்டி ஊரு போயிச் சேருமா? அதனால பாத்துட்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு செகண்ட். ஜெபராஜ், "அண்ணா, அண்ணா"ங்கறான். அப்பறந்தான் போட்டேன்.

நின்னிருக்காதுங்க. அந்த மூணு செகண்டையும் சேத்துப் போட்டிருந்தாலும் நின்னிருக்காது. ஆனா அவ தலையைத் திருப்பி எங்களைப் பாத்தா பாருங்க. அவ பாத்தப்ப நாங்க அவளுக்காக ஒண்ணுமே செய்யாம வந்துட்டிருந்தோம். என் மூஞ்சி அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் கையைக் கட்டிட்டு வந்த மாதிரிதான் அவ கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜெபராஜுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உடனேன்னு எழுதுனான், எனக்காக எழுதுனான். அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தண்ணி வேண்டாங்க. நல்லாத்தான் இருக்கேன்.

பெட்டியைக் கட்டிக் குடுத்துருங்க, லிவர்ல கோளாறு ஒண்ணுமில்லை. உங்க நேரத்தை வேற வீணடிச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. திங்கக்கிழமை நான் வரலைன்னு ஆபீஸுக்குச் சொல்லோணும். அதைச் சொல்லிரலாம். ஆயிரத்தைநூறு பேரை ஏத்திட்டு இந்தக் கையை நம்பி நான் உக்கார முடியாது. ஏன்னு கேட்டா அதையும் சொல்லிரலாம், ஜெபராஜ் பேரு கெடாம எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கோணும்.

கீழ நிக்கறாளே, அவகிட்டச் சொல்றதுதானுங்க முடியலை. மூணு மாசமா அவ என் பக்கத்துல உக்காந்து, "உங்க மேல தப்பில்லை, நீங்கதான் பாத்த உடனே பிரேக் போட்டீங்களே"ன்னு சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு போட்டிருக்கறா.